அறிக்கை யார் கைக்குப் போகிறது?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வங்கிகளின் தெரு என்றால் பீச் ஸ்ட்ரீட். சார்ட்டர்ட் பேங்க் 1875இல் இங்கே கிளை திறந்தது. ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884இல் வந்தது. பக்கத்துத் தெருவான பினாங்கு ஸ்ட்ரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே பாயில் உட்கார்ந்து, மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் பல சமயம் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறி வந்த மேலாள்தான் கொடுப்பதும் வசூலிப்பதும்.

கடல் தாண்டிக் கிடக்கும் பணத்தை முதலாளி கணக்கை வைத்தே காவல் காத்தார். குறிப்பில் அன்றாட வரவுசெலவு, பேரேட்டில் ஆள்வாரியாகப் பற்றுவரவு, காலம் தவறாமல் ஊருக்குப் போகும் ஐந்தொகை. தவணை முடிந்ததும் அடுத்து வரும் மேலாளிடம் நிலுவைகளைக் காட்டி ஒப்படைக்க வேண்டும். பழையவர் மறைத்த வாராக்கடன், பொறுப்பேற்ற பிறகு புதியவர் தலையில் விடியும். அதனால் அவர் துருவித்தான் பார்ப்பார். உள்தணிக்கை என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வேலை கிட்டங்கியில் நடந்துகொண்டிருந்தது.

இன்று அதற்கு ஒரு துறை, தேர்வு, தலைமைப் பதவி எல்லாம் உண்டு. ஆண்டுக்கொரு முறை வரும் வெளித்தணிக்கையாளர், நிதிநிலை அறிக்கை சரியான படத்தைக் காட்டுகிறதா என்று பங்குதாரர்களுக்குச் சொல்கிறார். உள்தணிக்கையாளர் ஆண்டு முழுக்க நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறார். ஒரு தொகை ஏட்டுக்கு எந்த வழியாக வந்தது, வழியில் யார் கையெழுத்திட்டார், அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதெல்லாம் அவர் பார்வைக்கு உரியவை.

வங்கியில் அந்த வேலை சில நாள் கவுன்டர் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் கிளைக்குப் போய், பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி, ரொக்கத்தை எண்ணுவார்கள். பெட்டகச் சாவி ஒருவரிடமே இருக்கக் கூடாது. இருவர் சேர்ந்தால்தான் திறக்க வேண்டும். அப்புறம் கடன் கோப்புகள். பத்தோ இருபதோ உருவியெடுத்து, சொத்தை மதிப்பிட்டவர் யார், கடன் வாங்கியவருக்கு அவர் வேண்டப்பட்டவரா என்று பார்ப்பார்கள். விடுப்புப் பதிவேடும் தப்பாது. விடுப்பே எடுக்காமல் உழைக்கும் ஊழியரைக் கண்டால் மேலாளருக்குப் பெருமை, தணிக்கையாளருக்குச் சந்தேகம். கையாடலை மூடி மறைக்க ஆள் தினமும் இருக்கையில் இருந்தாக வேண்டும். பல வங்கிகள் ஆண்டுக்கொரு முறை தொடர்விடுப்பைக் கட்டாயமாக்கியிருப்பது ஊழியரின் ஓய்வுக்காக மட்டும் இல்லை.

இந்தப் பதவிக்கு வருபவர்களில் பலர் கணக்கியல் பட்டத்தோடு தணிக்கை நிறுவனமொன்றில் இளநிலையில் தொடங்கியவர்கள். ஏசிசிஏ போன்ற தகுதியோடு, உள்தணிக்கைக்கென்றே உள்ள மூன்று பகுதித் தேர்வான சிஐஏவையும் எழுதுகிறார்கள். அதை நடத்தும் உலகக் கழகம் 1941இல் நியூயார்க்கில் தொடங்கியது. பினாங்கில் வங்கி மட்டுமல்ல, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் இவர்களுக்கு இடம் தருகிறது. அங்கே பெட்டகத்துக்குப் பதில் சரக்குக் கிடங்கு. ரொக்கத்துக்குப் பதில் கொள்முதல் ஆணை. மேலே போகப் போகக் கணக்கு பார்ப்பது குறைந்து, பேச்சு கூடும். தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு வரைவு அறிக்கையின் ஒரு சொல்லுக்காகத் துறைத் தலைவரோடு ஒரு மணி நேரம் வாதாட நேர்வதும் உண்டு.

அந்த வாதத்தின் விலை என்ன என்பதை மலேசியா 1983இல் பார்த்தது. பேங்க் பூமிபுத்ராவின் ஹாங்காங் துணை நிறுவனமான பூமிபுத்ரா மலேசியா ஃபைனான்ஸ், கேரியன் என்ற சொத்துக் குழுமத்துக்கும் வேறு சிலருக்கும் கடனை அள்ளிக் கொடுத்திருந்தது. அங்கே நிலத்தின் விலை சரிந்தது, கேரியனும் சரிந்தது. கோப்புகளைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஜலில் இப்ராகிம் என்ற தணிக்கை அதிகாரி அனுப்பப்பட்டார். கேரியனுக்கு மேலும் கடன் தருவதை அவர் எதிர்த்தார். ஜூலை மாதம் கழுத்து நெரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். உடல் நியூ டெரிட்டரிஸில் ஒரு வாழைத்தோப்பில் கிடந்தது. தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நூர்டின் தலைமையில் 1984இல் விசாரணைக் குழு அமைந்தது. நட்டம் சுமார் 250 கோடி ரிங்கிட். வங்கியைத் தூக்கி நிறுத்த எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் வர வேண்டியிருந்தது.

ஜலில் ஹாங்காங் சென்றபோது பணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியே போயிருந்தது. பேரிங்ஸ் வங்கியின் கதை வேறு மாதிரி. சிங்கப்பூரில் நிக் லீசன் வணிகத்தையும் அதன் கணக்குப் பதிவையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தார். அது ஆபத்து, இரண்டையும் பிரியுங்கள் என்று 1994 ஆகஸ்டிலேயே உள்தணிக்கை எழுதிக் கொடுத்தது. யாரும் பிரிக்கவில்லை. 88888 என்ற கணக்கில் நட்டம் ஒளிந்து வளர்ந்தது. 1995 பிப்ரவரியில் லீசன் மலேசியா வழியாகத் தப்பியோடியபோது, 1762இல் தொடங்கிய அந்த வங்கி 82.7 கோடி பவுன் இழந்திருந்தது. டச்சு நிறுவனமான ஐஎன்ஜி அதை ஒரு பவுனுக்கு வாங்கியது.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அறிக்கை செயல்படக்கூடியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவின் வேர்ல்ட்காமில் உள்தணிக்கைத் தலைவராக இருந்த சிந்தியா கூப்பர் செய்தது இதைத்தான்: அறிக்கை போக வேண்டிய கையைத் தேடிப் போனார். அந்தத் தொலைபேசி நிறுவனம், பிறர் கம்பித்தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தைச் செலவாகக் காட்டாமல் சொத்தாக எழுதிவந்தது. வீட்டு வாடகை கொடுத்துவிட்டு, வீடு வாங்கியதாகக் கணக்கெழுதுவது போல. கூப்பரின் குழு ராத்திரிகளில் உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டியது. நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் தணிக்கையைத் தள்ளிப்போடச் சொன்னார். கூப்பர் அவரைத் தாண்டி, இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் போனார். 2002 ஜூனில் 380 கோடி டாலர் முறைகேடு வெளியே வந்தது.

கூப்பர் துணிந்து போன வழியை மலேசியா விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்குத் தணிக்கைக் குழு 1993 முதல் கட்டாயம். குறைந்தது மூன்று பேர். அன்றாட நிர்வாகத்தில் உள்ள இயக்குநர் எவரும் அதில் இருக்கக் கூடாது. பெரும்பான்மையினர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். 2008இல் திருத்திய விதிகள் உள்தணிக்கையையும் கட்டாயமாக்கின. அது நிர்வாகத்தைத் தாண்டி நேராக இந்தக் குழுவிடம் அறிக்கை தர வேண்டும் என்றும் சொன்னன. செட்டிநாட்டு முதலாளி கடல் தாண்டி இருந்ததால் கிடைத்த விலகல் இது: கணக்கு பார்ப்பவரின் சம்பளமும் பதவியும், அவர் யாரைப் பார்க்கிறாரோ அவர் கையில் இருக்கக் கூடாது.

ஆனால் விதி கதவைத்தான் திறந்துவைக்கும். தணிக்கைக் குழு அறிக்கையைப் படிக்கிறதா, போன ஆண்டு சுட்டிய குறை இந்த ஆண்டும் அப்படியே நிற்கிறதா என்பதெல்லாம் கூட்ட அறைக்குள் நடப்பவை.

வெளியிலிருந்து பார்க்க நமக்கும் ஒரு ஜன்னல் உண்டு. உங்களிடம் ஏதேனும் மலேசிய நிறுவனத்தின் பங்கு இருந்தால், ஆண்டறிக்கையில் தணிக்கைக் குழுவின் பக்கத்துக்குப் போங்கள். உள்தணிக்கையைச் சொந்த ஊழியர்கள் செய்தார்களா, வெளி நிறுவனம் செய்ததா, அந்த ஆண்டு அதற்கு எவ்வளவு செலவானது என்று அங்கே அச்சிட்டிருக்க வேண்டும். அந்தத் தொகையை இயக்குநர்களின் ஊதியப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.