சீகூரில் யானைக்கு மிஞ்சிய இடம்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஸ்வெட்டரோடு புறப்பட்டவர் கீழே வந்து சேர்வதற்குள் அதைக் கழற்றிவிடுவார். குளிரும் பச்சையும் பின்தங்கி, முள்ளுக்காடு தொடங்கிவிடும். சீகூர் பீடபூமி இதுதான். இங்கிருந்து முதுமலை புலிகள் காப்பகத்தின் தெப்பக்காடு கூப்பிடு தூரம்.

சுற்றுலா வருபவருக்கு இது முதுமலைக்குப் பக்கத்தில் ராத்தங்க வசதியான ஊர். யானைக்கு இது என்ன இடம் என்று தெரிய வேண்டுமானால் வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்க்க வேண்டும். தெற்கே நீலகிரி மலை செங்குத்தாக எழுகிறது. வடக்கே மாயாறு பூமியைப் பிளந்துகொண்டு ஆழத்தில் ஓடுகிறது. மலையில் யானையால் எல்லா இடத்திலும் ஏற முடியாது. பள்ளத்தில் இறங்கிக் கடக்கவும் சில துறைகள்தான் உண்டு. மேற்கே முதுமலை, பந்திப்பூர், நாகரஹோளே, வயநாடு. கிழக்கே சத்தியமங்கலமும் அதைத் தாண்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே போய்வர மிஞ்சுவது மலைக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட சமதளம் மட்டுமே. மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் எல்லாம் இருப்பதும் அந்தச் சமதளத்தில்தான். ரிசார்ட்டுகள் முளைத்ததும் அங்கேதான்.

தென்மேற்குப் பருவமழை முதுமலையின் மேற்குப் பக்கத்தை நனைக்கிறது. மலை மறைப்பதால் சீகூருக்கு அதில் சொட்டுதான் கிடைக்கும். இங்கே புல் தழைப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி. மழை போகிற பக்கம் யானையும் போகும். நீலகிரிப் பகுதியில் ரேடியோ காலர் பொருத்தி நடத்திய ஆய்வுகளில், ஒரு பெண் யானைக் கூட்டம் 500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் சுற்றுவது தெரியவந்தது. முதுமலை சரணாலயத்தின் மொத்தப் பரப்பே 321 சதுர கிலோமீட்டர்தான். 1940-இல் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவித்துப் போட்ட கோடுகள் காகிதத்தில் உள்ளவை. அந்தக் கோட்டுக்கு வெளியே நடந்தால்தான் யானைக்குப் பிழைப்பு.

அதனால் முதுமலையைக் காப்பாற்றுவது என்றால், முதுமலைக்கு வெளியே இருக்கும் இந்தப் பட்டா நிலத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வனத்துறையின் வேன் சவாரியைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. பகலில், குறித்த பாதையில் போகும், திரும்பி வரும். கூச்சல் போடுகிறவர்கள் எல்லா வண்டியிலும் இருக்கிறார்கள். அது வேறு சங்கடம். தனியார் விடுதி விற்கும் சரக்கு வேறு. அது ராத்திரியை விற்கிறது. வாசலில் தீ மூட்டிப் பாட்டுப் போடுவது, திறந்த ஜீப்பில் ஊர்ச் சாலையில் விளக்கடித்து மிருகம் தேடுவது, அறை ஜன்னலிலிருந்தே மான் தெரிய உப்புக்கட்டி வைப்பது. விருந்தினரின் பாதுகாப்புக்கென்று சுற்றிலும் மின்வேலி. யானை பார்க்கலாம் என்று ஆளை வரவழைத்துவிட்டு, யானை வராமல் வேலி போடும் வியாபாரம் இது.

ரிவால்டோவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பிரேசில் கால்பந்து வீரரின் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்தக் கொம்பன் யானைக்குத் தும்பிக்கையின் நுனி அறுந்துபோயிருந்தது. வாழைத்தோட்டம் பகுதியில் இரக்கப்பட்டுச் சிலர் பழம் கொடுத்தார்கள். விடுதிப் பக்கமும் தீனி கிடைத்தது. யானை வீட்டு வாசலுக்கு வந்து நின்று பழகிவிட்டது. வந்த விருந்தினருக்குப் படம் எடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? கடைசியில் புகார் கிளம்பி, 2021 மே மாதம் வனத்துறை அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் தொடக்கத்தில், கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலையின் உள்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஓரிரு நாளிலேயே ரிவால்டோ நடந்து வாழைத்தோட்டத்துக்கே திரும்பிவிட்டது. கையில் பழத்தோடு நின்ற யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் காட்டு யானையை வாசலுக்குப் பழக்கிவிட்டால், பிறகு அதன் தலையெழுத்தை எழுதுவது கூண்டுதான்.

அதே 2021 ஜனவரியில் மசினகுடியில் நடந்ததை நாடே வீடியோவில் பார்த்தது. ஏற்கெனவே முதுகில் காயம்பட்டு வைத்தியம் பார்க்கப்பட்ட யானை அது. இரவில் ஒரு விடுதிப் பக்கம் வந்தபோது எரியும் பொருளை அதன் தலைமீது வீசினார்கள். தீ காதில் பற்றிக்கொள்ள, யானை பிளிறியபடி இருட்டுக்குள் ஓடுவது அந்தக் காட்சி. மயக்க ஊசி போட்டுத் தெப்பக்காட்டுக்கு லாரியில் ஏற்றிச் செல்லும் வழியில், ஜனவரி 19 அன்று அது இறந்தது. லாரிக்குப் பக்கத்தில் நின்று தும்பிக்கையைத் தடவி அழுத வனப் பணியாளரின் படமும் பரவியது. இரண்டு பேரைக் கைது செய்தார்கள், விடுதிக்கு சீல் வைத்தார்கள். மசினகுடியில் அனுமதியில்லாமல் எத்தனை விடுதிகள் நடக்கின்றன என்று அதிகாரிகள் அதன் பிறகுதான் சுறுசுறுப்பாகக் கணக்கெடுத்தார்கள்.

தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. யானை வழித்தட வழக்கு அதற்குள் பத்து வருஷம் பழசாகிவிட்டிருந்தது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதன் தொடர்ச்சியாக, 2010 ஆகஸ்டில் தமிழக அரசு சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதி உரிமையாளர்கள் டெல்லிக்குப் போனார்கள். வழித்தடத்தில் 39 ரிசார்ட்டுகள் இருப்பதாகக் கலெக்டரின் அறிக்கை சொல்ல, அனுமதியே இல்லாத 11 விடுதிகளை 48 மணி நேரத்தில் மூடும்படி 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மற்றவர்கள் ஆவணம் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களையும் சேர்த்துச் சில நாட்களில் 27 விடுதிகளுக்கு சீல் விழுந்தது.

வீடு கட்ட அனுமதி வாங்கி, வாடகைக்கு அறை விடுவதுதான் இங்கே வழக்கமாக நடந்த வித்தை. நீலகிரியில் கட்டடம் என்றால் 1990-களிலிருந்தே மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் வரை கோப்பு போக வேண்டும். அத்தனை கையெழுத்தையும் தாண்டி ஒரு நீச்சல் குளம் காட்டுக்குள் வந்து உட்காருகிறது என்றால் அதை யானை மட்டும்தான் பார்த்திருக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. வழித்தடத்தை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. நில உரிமை பற்றிய ஆட்சேபங்களை ஓய்வுபெற்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையிலான மூவர் குழு விசாரிக்கும். குழுவில் யானை ஆய்வாளர் அஜய் தேசாய் இருந்தார். முதுமலை யானைகளின் பின்னால் பல வருஷம் நடந்தவர். சீகூரில் எந்த மேட்டைத் தாண்டி யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் குழுவுக்கு அவசியம். தீர்ப்பு வந்து ஒரு மாதம் சொச்சத்தில் அவர் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வேறொருவரை நியமித்தார்கள். அந்த இழப்பைப் பற்றி தமிழ்ப் பத்திரிகைகளில் இன்னும் அதிகமாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விடுதிக்காரர்கள் முன்வைக்கும் வாதத்தில் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. இங்கே இருளர்களும் குறும்பர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். வழித்தடம் என்று கோடு போட்டால் நாளைக்கு எங்களையும் கிளப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு நிஜமானது. வனத்துறை அவர்களை நடத்திய வரலாறு அந்த அச்சத்தைப் போக்கும்படியாக இல்லை. ஆனால் அவர்களின் குடிசைகளை முன்னால் நிறுத்திக்கொண்டு, வெளியூர் முதலாளி தன் காட்டேஜைப் பின்னால் மறைத்துக்கொள்வதை ஏற்க முடியாது. சீகூரில் ரிசார்ட் வருவதற்கு முன்பும் மனிதர்கள் பிழைத்தார்கள். பட்டி பட்டியாக நாட்டு மாடு மேய்த்தார்கள். சாணத்தை எருவாகக் கேரளத் தோட்டங்களுக்கு லாரியில் ஏற்றினார்கள். அந்தப் பிழைப்பு சுருங்கிய இடத்தில்தான் ஜீப் ஓட்டுவதும் அறை கூட்டுவதும் வந்தன. விடுதியை மூடும் கையோடு அந்தச் சம்பளத்துக்கு மாற்று வழி சொல்லாவிட்டால், ஊர் யானைக்கு எதிராகத் திரும்பும்.

தெப்பக்காடு முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-இல் ஆஸ்கர் வாங்கியதும், அதில் வரும் பாகன் தம்பதி பொம்மனையும் பெள்ளியையும் பார்க்கவென்றே கூட்டம் வந்தது. நெரிசலைக் குறைக்க உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. அடுத்த ஆண்டு கோடைக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. நல்லதுதான். ஆனால் இ-பாஸ் எண்ணுவது மேலே ஏறும் வண்டிகளை. அந்த வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. சுற்றுலா வருபவர்கள் பகலில் சீகூரைப் பார்த்துவிட்டு ஊட்டியிலோ கூடலூரிலோ தங்கட்டும் என்பதே என் கட்சி. மசினகுடிக்காரர்கள் ஓட்டும் வண்டியில் அவர்களே பகலில் அழைத்துப் போகலாம். அந்தப் பணம் ஊருக்குள்ளேயே நிற்கும்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதற்கு எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டாம். கதவுக்கு சீல் வைத்தால் விருந்தினர் வரவு நிற்கும். வேலி அப்படியே இருந்தால் யானைக்கு ஒன்றும் மாறவில்லை. மூடிய விடுதியும் திறந்த விடுதியும் அதற்கு ஒரே கம்பிதான். காட்டோரத்தில் இருக்கும் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் தமிழ்நாட்டில் 2023 முதல் தனி விதிகளே இருக்கின்றன. கட்டடத்தை இடிப்பதா, நஷ்டஈடு எவ்வளவு என்ற விவகாரங்கள் குழுவிலும் கோர்ட்டிலும் வருஷக்கணக்கில் நடக்கட்டும். சீல் வைத்த வளாகங்களின் வேலியை மாவட்ட நிர்வாகம் வருகிற ஐப்பசி மழைக்கு முன்னால் பிடுங்கிப் போடலாம்.