நம் சிறுவர்கள் யாரைப் பார்த்து வளர்கிறார்கள்?

ஆர்.கே.புரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு படம் ஒட்டப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த பத்திரிகை ஒன்றிலிருந்து கத்தரித்தது. சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ், சதுரங்கத்தின் உலகப் பட்டத்துக்குரிய கோப்பையை ஏந்தி நிற்கிறார். ஒட்டியவன் என் மகன். சுவர் பாழாயிற்று என்று வீட்டில் எழுந்த ஆட்சேபத்தை நான்தான் சமாதானப்படுத்தினேன். சினிமா நடிகரின் படத்தை ஒட்டாமல் இதை ஒட்டினானே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. (அவன் வயதில் நான் ஒட்டியிருந்த படம் யாருடையது என்பதைச் சொல்லாமலிருப்பதே என் கௌரவத்துக்கு நல்லது.)

அந்த மகிழ்ச்சி ஓர் இரவில் போயிற்று. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கி வந்தவனைக் கண்டித்தேன். "அப்பா, குகேஷ் நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகவே இல்லையே! நான் மட்டும் ஏன் போக வேண்டும்?" என்றான். எனக்குப் பதில் எழவில்லை. அவன் சொன்னது பொய்யன்று. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் தகப்பனை இக்கேள்வி எப்படிக் கலக்கியிருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்த நமக்குப் பிள்ளைகளின் படிப்பைத் தவிர வேறு நிலபுலம் ஏது?

அன்று முதல் நானும் குகேஷின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அவர் தந்தை காது, மூக்கு, தொண்டை மருத்துவர். தாய் நுண்ணுயிரியல் வல்லுநர். மகனைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும்பொருட்டுத் தந்தை தம் தொழிலையே நிறுத்தி வைத்தார். தாயின் சம்பாத்தியத்தில் குடும்பம் நடந்தது. அதுவும் போதாமல் நண்பர்கள் பொருளுதவி செய்தார்கள். பள்ளியை விட்டார் என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இத்தனையும் இருக்கின்றன. 2019 ஜனவரி 15-ஆம் தேதி, தம் 12-ஆவது வயதில், அவர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குரிய தகுதியைப் பெற்றது நம் தில்லியில் நடந்த போட்டியிலேதான். அன்று பொங்கல் திருநாள். நாம் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக் கொண்டாடிய நாளில், அந்தச் சிறுவர் இதே ஊரில் பலகையின் முன் அமர்ந்திருந்தார். நமக்கு அது தெரியாது.

ஆனால் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. 2013 நவம்பரில் சென்னையில் விசுவநாதன் ஆனந்துக்கும் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனுக்கும் உலகப் பட்டப் போட்டி நடந்தது. ஆடுவோர் இருவரும் கண்ணாடி அறைக்குள், பார்ப்போர் வெளியே. பார்க்க வந்தவர்களுள் ஏழு வயதுக் குகேஷும் ஒருவர். என்றேனும் அந்த அறைக்குள் தாமும் அமர வேண்டுமென்ற ஆசை அப்போது பிறந்ததாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். அந்தப் போட்டியில் ஆனந்த் வென்றாரா? இல்லை. 6½-க்கு 3½ என்ற கணக்கில், தாம் வளர்ந்த ஊரிலேயே, தம் மக்கள் முன்னிலையிலேயே பட்டத்தை இழந்தார். அந்தக் குழந்தை தன் இலட்சிய புருஷரைக் கண்ணாரக் கண்டது, அவர் தோற்றுக்கொண்டிருந்த நாட்களில்! என் மகனோ மாலை விழுந்த கழுத்தை மட்டுமே கண்டிருக்கிறான். ஆனந்தும் அத்தோல்வியோடு ஒதுங்கிவிடவில்லை. மறு ஆண்டே பட்டத்துக்குப் போட்டியிடும் உரிமையை மீண்டும் வென்றார். பிற்பாடு குகேஷ் முதலிய இளைஞர்களுக்கு வழிகாட்டியாகவும் அமைந்தார்.

ஆனந்தின் தந்தை தென்னக ரயில்வேயில் பொது மேலாளராக இருந்தவர் என்பதில் எனக்கு ஓர் இலாகா அபிமானம் உண்டு. (பொது மேலாளருக்கும் குமாஸ்தாவுக்கும் உள்ள தூரத்தை மறந்தேனல்லேன்.) அவருடைய அலுவல் நிமித்தம் குடும்பம் மணிலாவில் வசித்த காலத்தில், தொலைக்காட்சியில் பகற்பொழுதில் வரும் சதுரங்கப் புதிர்களைத் தாயார் சுசீலா குறித்து வைப்பாராம். மகன் பள்ளியிலிருந்து திரும்பியதும் இருவரும் சேர்ந்து விடை காண்பார்களாம். நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் போன குடும்பந்தான். ஆனந்த் படிப்பையும் விடவில்லை. சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றார். இவ்வரியை மட்டும் என் மகனுக்குச் சற்று உரக்கவே படித்துக் காட்டினேன். என் சிறிய மகள் இடைமறித்து, "பெண்கள் யாரும் இல்லையா?" என்றாள். வங்கி ஊழியர் ஒருவரின் மக்களான வைஷாலியையும் பிரக்ஞானந்தாவையும் பற்றிச் சொன்னேன். தொலைக்காட்சியிலிருந்து கவனத்தைத் திருப்பவே முதலில் வைஷாலியைச் சதுரங்கத்தில் சேர்த்தார்களாம். அக்காளைப் பார்த்துத் தம்பி வந்தான்.

பின்பு மகனும் நானும் 2024-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ப் போட்டியின் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்தோம். முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். பன்னிரண்டாம் ஆட்டத்திலும் தோல்வி. பதினான்காம் ஆட்டத்தில் சீன வீரர் டிங் லிரென் 55-ஆம் நகர்த்தலில் யானையைத் தவறாக வைத்தார், பட்டம் கைமாறியது. குகேஷ் அழுதார். அழுதுகொண்டே, பலகையில் சிதறியிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டம் தொடங்கும் முன் இருந்தபடி அந்தந்த இடத்தில் நிறுத்தி வைத்தார்.

தோற்றால் காய்களை வாரி இறைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மகன் அந்தக் காட்சியை இருமுறை பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பள்ளியைப் பற்றிய வாக்குவாதம் அதன்பின் எழவில்லை; இனி எழாது என்று சொல்ல நான் ஜோசியனல்லன். ஞாயிறு மாலைகளில் அவனோடு நானும் ஆட அமர்கிறேன். பெரும்பாலும் தோற்பவன் நான்தான். சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம் தோற்றுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே காய்களை அடுக்கினான். கறுப்புக் குதிரை ஒன்று குறைந்தது. மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அலுவலகம் புறப்பட்டேன்.