இயக்கசக்தி: வேகத்தை ஏன் வர்க்கிக்கின்றோம்?

மாணவர்களே, மோட்டார்ச் சைக்கிள் ஒன்றின் வேகம் இரு மடங்கானால் அதன் இயக்கசக்தி எத்தனை மடங்காகும்? வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் உடனே "இரண்டு" என்பர். சரியான விடை நான்கு. சமன்பாட்டை மனனம் செய்தவர்களும் இவ்விடத்திலேயே புள்ளிகளை இழக்கின்றனர்.

இயக்கசக்தி = ½ × திணிவு × (வேகம்)²

திணிவு கிலோகிராமிலும் வேகம் மீ செக்⁻¹ இலும் இருந்தால் விடை யூலில் வரும்.

நான் கலைப்பட்டதாரி. இந்த வர்க்கம் எனக்கு விளங்கியது ஒரு களிமண் பரிசோதனையைப் பற்றி வாசித்த பின்னரே. ஒல்லாந்து விஞ்ஞானி கிராவெசண்டே பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்மையான களிமண் மீது விழவிட்டு, பெறுபேற்றை 1722 இல் வெளியிட்டார். இரு மடங்கு வேகத்துடன் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழத்துக்குப் புதைந்தது. பிரான்சு நாட்டுப் பெண் அறிஞர் எமிலி டு சாட்லே 1740 இல் வெளியிட்ட பௌதிகவியல் நூலில் வேகத்தின் வர்க்கமே சரியென வாதிட்டார். ½ என்னும் காரணி 1829 இல் கொரியோலிசின் நூலில் இடம்பெற்றது.

நாமும் கணித்துப் பார்ப்போம். 0.5 கி.கி. குண்டு ஒன்றை 0.8 மீ உயரத்திலிருந்து விழவிடுக. புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 மீ செக்⁻² எனின், அது தரையை அடையும் வேகம் 4 மீ செக்⁻¹.

இயக்கசக்தி = ½ × 0.5 × 4² = 4 யூல்

வேகம் 8 மீ செக்⁻¹ ஆக வேண்டுமெனின் 3.2 மீ உயரத்திலிருந்து விழவிட வேண்டும். அதாவது நான்கு மடங்கு உயரம்.

இயக்கசக்தி = ½ × 0.5 × 8² = 16 யூல்

தொடக்கத்தில் குண்டிடம் இருந்த அழுத்தசக்தியையும் (திணிவு × ஆர்முடுகல் × உயரம்) கணித்துப் பாருங்கள். அதே 4, 16 யூல்கள் கிடைக்கும்.

வீதியிலும் இதே கணக்குத்தான். 36 கி.மீ. மணி⁻¹ வேகத்தில் செல்லும் மோட்டார்ச் சைக்கிள் பிறேக் பிடித்து 8 மீற்றரில் நிற்குமாயின், அதே பிறேக் விசையில் 72 கி.மீ. மணி⁻¹ வேகத்தில் அது நிற்க 32 மீற்றர் வேண்டும். பாடசாலை வாசலில் 24 மீற்றர் என்பது சிறிய தூரமன்று.

அடுத்த பிழை திசை பற்றியது. 2 கி.கி. துரொல்லிகள் இரண்டு எதிரெதிராக 3 மீ செக்⁻¹ வேகத்தில் வருகின்றன. உந்தம் காவிக்கணியம், எனவே மொத்த உந்தம் பூச்சியம். இயக்கசக்தி எண்ணிக்கணியம்; எனவே 9 + 9 = 18 யூல். இங்கே கழித்தால் பிழை.

சக்திக்குத் திசை இல்லாத இவ்வியல்பை லக்ராஞ்சே 1788 இல் வெளியிட்ட தமது நூலில் நன்கு பயன்படுத்தினார். துணிக்கைகளின் மொத்த இயக்கசக்தியிலிருந்து அழுத்தசக்தியைக் கழித்துப் பெறும் கணியத்தைக் கொண்டு, விசைகளைத் திசைதிசையாகப் பிரிக்காமலே இயக்கத்தைக் காணலாம். இது பல்கலைக்கழகப் பாடம். உங்கள் பரீட்சைக்கு வராது. பொறிமுறைச் சக்தி கேட்டால் இரண்டையும் கூட்டவே வேண்டும்.

பயிற்சி: 900 கி.கி. கார் 54 கி.மீ. மணி⁻¹ வேகத்தில் செல்கிறது. பிறேக் விசை 4500 நியூற்றன் எனின், அது நிற்கும் தூரம் யாது? (முதலில் வேகத்தை மீ செக்⁻¹ ஆக மாற்றுக. விடை: 22.5 மீ)