சக்கரங்களின் மேல் பெண்கள்: 1968இன் இரு மலிவுப் படங்கள்

ஒரு சமூகம் எதற்கு அஞ்சியது, எதை உள்ளூர விரும்பியது என்பதை அறிய, அது மதிக்காது ஒதுக்கிய படைப்புகளும் நமக்கு உதவும். அமெரிக்காவில் குறைந்த செலவில் உருவான மோட்டார் சைக்கிள் கும்பல் படங்கள் அத்தகையவை.

1947ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் நகரில் மோட்டார் சைக்கிளோட்டிகள் விளைவித்த குழப்பத்தை நாளேடுகள் பெரிதுபடுத்தின. அச்செய்தியின் தாக்கத்தில், மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' 1953இல் வெளிவந்தது. 1966இல் ரோஜர் கோர்மனின் 'தி வைல்ட் ஏஞ்சல்ஸ்' பெருவெற்றி பெறவே, அதைப் பின்பற்றிப் பல படங்கள் தோன்றின. காரில் அமர்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குகளுக்கு வந்த இளையரே அவற்றின் முதன்மைப் பார்வையாளர். இப்படங்களில் பெண்ணின் இடம் பெரும்பாலும் ஆணுக்குப் பின்னிருக்கை. ஒரே கதை அலுத்துப்போகும் நிலையில், புதுமை தேடிய தயாரிப்பாளர்கள் பெண்களை முன்னிருக்கையில் அமர்த்தினர்.

1968இல் வெளிவந்த இரு படங்களை ஒப்பிடுவோம். 'தி மினி ஸ்கர்ட் மாப்' படத்தின் தலைவி, தன்னை விட்டு வேறொருத்தியை மணந்த ஆணைப் பழிவாங்கப் புறப்படுகிறாள். வண்டியை அவள் ஓட்டினாலும், கதையைச் செலுத்துவது ஆண்மீது கொண்ட பொறாமையே. ஹெர்ஷெல் கோர்டன் லூயிஸ் புளோரிடாவில் இயக்கிய 'ஷீ டெவில்ஸ் ஆன் வீல்ஸ்' வேறு வழியில் செல்கிறது. அதன் கும்பலின் பெயர் 'மேன் ஈட்டர்ஸ்', அதாவது ஆண்களை விழுங்குவோர். பந்தயத்தில் வென்றவளுக்கே ஆணைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை. கும்பலை விட்டுவரும்படி பழைய காதலன் அழைத்தும், கேரன் என்பவள் தோழியரோடு தங்குவதையே தேர்கிறாள். இதன் திரைக்கதையை எழுதியவர் அலிசன் லூயிஸ் டவுன் என்ற பெண். வண்டியோட்டத் தெரிந்த பெண்களையே லூயிஸ் நடிக்கவைத்தார்.

எனில், இது பெண் விடுதலைப் படமா? அவ்வாறு முடிவுகட்ட இயலாது. வன்முறையும் கிளர்ச்சியுமே அதன் விற்பனைச் சரக்கு. ஆண்கள் செய்த கொடுமைகளை அப்பெண்களும் அப்படியே செய்கின்றனர். ஆயினும், மணவாழ்வில் அடங்காமலும் மனம் திருந்தாமலும் ஒரு பெண் தன் வழியே செல்லும் முடிவை அம்மலிவுப் படம் துணிந்து காட்டியது.

எந்தப் படத்தையும் ஆராயும் மாணவர் இரண்டு வினாக்களை எழுப்பலாம்: வண்டியை ஓட்டுபவர் யார்? வழியைத் தீர்மானிப்பவர் யார்? இரண்டிற்கும் விடை ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.