வாடை வந்தால் எந்தக் கரை?

கடலும் கணக்கும் – 12

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று வானிலை ஆய்வு மையம் அறிவிப்பதற்குச் சில நாள் முன்பே பாம்பன் கரையில் விசாரணை ஆரம்பித்துவிடும்: “காத்து மாறிருச்சா?” மழையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அடித்துக்கொண்டிருந்த கச்சானும் சோழகமும் ஐப்பசியில் களைத்துப்போய் நிற்கும். சில நாள் எந்தப் பக்கமும் காற்று இருக்காது. கடல் தட்டையாகக் கிடக்கும். பிறகு ஒரு விடியலில் வடக்கிலிருந்து சிலுசிலுவென்று எழும். அதுதான் வாடை. தை கழியும்வரை இனி அதன் ஆட்சி.

ராமேசுவரம் தீவின் வசதி, அதற்கு இரண்டு முகங்கள் இருப்பது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். கச்சான் காலத்தில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அமைதியாக இருக்கும். வாடை வந்ததும் இது தலைகீழாகும். ‘கொந்தளிக்கும் தெற்கு ஆண்கடல், அமைதியான வடக்கு பெண்கடல்’ என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கதையைக் கார்த்திகை மாதத்தில் வடக்குக் கரையில் நின்று சொன்னால், கேட்பவர் தூறலில் நனைந்தபடி சிரிப்பார்.

குளிர்காலம் என்றதும் நாம் வெப்பமானியைத்தான் நினைக்கிறோம். இங்கே கடல்நீர் சித்திரையில் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும். மார்கழி, தையில் 25, 26 அளவுக்கு இறங்கும். மீனைக் கொல்லும் குளிர் இல்லை. வெதுவெதுப்பான கடலுக்கே பேர்போன அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2010 ஜனவரியில் அப்படி ஒரு குளிர் அடித்தது. நம் கொடுவாவுக்குத் தூரத்து உறவான ஸ்னூக் என்கிற மீன் ஆழம் குறைந்த உப்பங்கழிகளில் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது. அந்த மாநிலத்தின் மேற்குக் கரையில் ஸ்னூக் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக 2013 செப்டம்பர் வரை தடை இருந்தது. நம் கரைக்கு அந்தக் கவலை கிடையாது. நமக்குக் குளிர்காலம் என்றால் காற்று, அந்தக் காற்று தள்ளிவரும் நீரோட்டம், அது கலக்கிவிடும் சேறு, மேலே மழைத் தண்ணீர். இந்த நான்கையும் சேர்த்துத்தான் மீன்பிடிப்பவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. வடகிழக்கே அது வங்கக் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. வாடையும் அதே திசையிலிருந்து வருவதால் நேராக உள்ளே புகுந்துவிடும். ஆழம் குறைந்த நீரில் அலை நீண்டு உருண்டு வர இடம் போதாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்றாக வந்து படகின் முன்பகுதியான அணியத்தில் மோதும். ஆழ்கடலில் இதைவிட உயரமான அலையில் ஏறி இறங்கும் படகு, இங்கே இடுப்பளவு அலையில் திணறும். அடியில் இருக்கும் சேறு மேலே கிளம்பும். கடற்புல் வேரோடு பிடுங்கப்பட்டுக் கரையெங்கும் கறுப்பாகக் குவியும். வலையை இழுத்தால் மீனைவிடப் புல் அதிகமாக வரும், அதைப் பிரித்தெடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

நீரோட்டமும் திசை மாறுகிறது. சென்னைக் குப்பங்களில் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வண்ணி என்றும் சொல்வார்கள். ஐப்பசிக்குப் பிறகு நம் கிழக்குக் கரை நெடுக வண்ணிதான். வங்காள விரிகுடாவின் வடக்கே பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய உப்புக் குறைந்த நீர் இந்த ஓட்டத்தில் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக்கடலின் தென்கிழக்கு மூலை வரை போகிறது. அதில் ஒரு பங்கு பாம்பன் வாய் வழியாகவும் மணல்தீடைகளுக்கு நடுவிலும் பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் புகும். பாம்பன் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெரியும். அதைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

இந்தக் கலங்கல் கெடுதல் மட்டும் செய்வதில்லை. தெளிந்த நீரில் மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலையைக்கூட மீன் கண்டு விலகிப் போகும். கலங்கலில் அதற்கு வலை தெரியாது. அடிமண் கிளறப்படும்போது இரை மேலே வருகிறது, இரையைத் தேடி இறால் நகர்கிறது, இறாலைத் தேடி மற்றவை. ஆகவே காற்று ஒரேயடியாக அடிக்கிற நாளில் ஒன்றும் கிடைக்காது. அடித்து ஓய்ந்த மறுநாள்தான் வலை கனக்கும். அந்த மறுநாளைச் சரியாகப் பிடிப்பவர்தான் கெட்டிக்காரர்.

பழைய ஏற்பாடு எளிமையானது. வாடை வந்தால் கரை மாறிவிட வேண்டும். ராமேசுவரம், மண்டபம் வட்டாரத்தில் கரைவலை இழுப்பவர்கள் ஐப்பசிக்குப் பிறகு மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விடுவார்கள். சித்திரை, வைகாசியில் பாக் விரிகுடாப் பக்கம் திரும்புவார்கள். ஓலைக்குடிசையும் வலையும் சமையல் பாத்திரமும்தான் சொத்து, அதைத் தூக்கிக்கொண்டு போவது பெரிய வேலை இல்லை. இலங்கையில் இது இன்னும் நீண்ட பயணம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தங்கள் மேற்குக் கரை கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவத்தில் தீவைக் குறுக்கே கடந்து முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாற்றுப் பக்கம் வாடி என்னும் தற்காலிகக் குடில்களை அமைப்பார்கள். வடகிழக்குப் பருவம் நெருங்கியதும் திரும்பிவிடுவார்கள். அந்தக் கரைகளில் உள்ளூர்த் தமிழ் மீனவர்களுக்கும் வந்து தங்குபவர்களுக்கும் இடையில் நடக்கும் தகராறு பல பத்தாண்டுக் கதை. அது மீனைப் பற்றியது மட்டும் இல்லை என்பதும் இரு தரப்புக்கும் தெரியும்.

இப்போது கரை மாறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. எனக்கு இதுதான் முக்கியமான மாற்றமாகத் தெரிகிறது. எந்திரம் வந்தது, ஃபைபர் படகு வந்தது, செல்போன் வந்தது என்று பட்டியல் போடுகிறோம். ஆனால் இவற்றோடு கால்கட்டும் வந்தது. படகு வாங்க ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், மீனை அவரிடம்தான் போட வேண்டும். அவருடைய ஏலக்கூடம் இருக்கும் கரையில்தான் இறக்கவும் வேண்டும். ஐஸ், டீசல், பதிவு, அனுமதி எல்லாமே ஒரு துறைமுகத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. இழுவைமடி போட்டு ஓடும் விசைப்படகை மணலில் இழுத்துக்கொண்டு அடுத்த கரைக்குப் போகவும் முடியாது.

போதாக்குறைக்கு நாள் கணக்கு வேறு. ராமேசுவரத்தில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, மிச்சம் 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று பல காலமாக ஒரு பங்கீடு இருக்கிறது. ஒருவர் வலையை இன்னொருவர் அறுக்காமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு. வாடைக்கு இந்தப் பங்கீடு தெரியாது. உன் 3 நாளிலும் அது அடித்தால் உன் வாரம் போயிற்று. அப்படி ஒரு வாரம் போனவர் அடுத்த வாரம் சற்று அமைதியான நாள் கிடைத்தால் எவ்வளவு தூரம் போவார், எந்தக் கோட்டைத் தாண்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களும், இழுவைமடிக்கு இலங்கை 2017இல் விதித்த தடையும், அக்கரையில் அறுபடும் தமிழ் மீனவர்களின் வலைகளும் தனி அத்தியாயம் கேட்பவை. அவற்றை இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

காற்றைப் பற்றிய முடிவும் இப்போது மீனவர் கையில் முழுக்க இல்லை. மீன்வளத் துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு போகலாம். ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று’ என்ற வாசகம் வந்தால் டோக்கன் கிடையாது. இது உயிரைக் காப்பாற்றுகிற விதி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அறிவிப்பு ‘மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகள்’ என்று ஒரு பெரிய பரப்பைச் சொல்லும். பாம்பன்காரருக்கு வேண்டியது தன் தெற்குக் கரையில் தீவுகளின் மறைவில் கிடக்கும் சில மைல் கடல் இன்று எப்படி என்பது. இந்த இடைவெளியில்தான் கரையில் கோபம் முளைக்கிறது.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடக்கூடிய இடங்களைக் கணித்துச் சொல்கிறது. செயற்கைக்கோள் காட்டும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் வைத்து, வெப்பமும் குளிர்ச்சியும் சந்திக்கும் விளிம்புகளைக் கண்டு, இந்தத் திசையில் இவ்வளவு தூரம் என்று தகவல் அனுப்பும். பயனுள்ள சேவை. ஆனால் மேகம் மூடினால் அந்தக் கண்களுக்குக் கடல் தெரியாது. வாடைக் காலத்தில் நம் கரைக்கு மேலே என்ன இருக்கும்? மேகம்தான். மீனவருக்கு வழிகாட்டி அதிகம் தேவைப்படும் மாதங்களில் அவர் மறுபடியும் தண்ணீரின் நிறத்தையும் பறவையையும் பார்த்தே போக வேண்டியிருக்கிறது.

கரை மாறும் கணக்கு கன்னியாகுமரியின் மேற்குப் பக்கத்தில் வேறு மாதிரி. அங்கே ஆனி, ஆடிதான் கொடிய காலம். கார்த்திகையில் வாடை நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அரபிக்கடல் ஓரம் அடங்கிக் கிடக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் தூண்டில்களோடு பல நாள் பயணமாகப் போவது இந்த அமைதியை நம்பித்தான். கிழக்குக் கரைக்காரர் புயல் கூண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாதத்தில் இவர்களுக்கு நல்ல தொழில். ஆனால் 2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக் கரையை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் குமரிக்கடலில் ஒக்கி புயலாக நின்றது. இடையில் ஒரு நாள்தான். எச்சரிக்கை கேட்டுத் திரும்பக்கூடிய தூரத்தை அந்தப் படகுகள் எப்போதோ தாண்டியிருந்தன. செல்போன் எட்டாது, வயர்லெஸும் அவ்வளவு தூரம் எட்டாது. அமைதியான பக்கம் என்று அனுபவம் சொன்ன பக்கத்திலேயே, குமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். ஆழ்கடலில் இருப்பவருக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஜெமினி என்ற கருவி 2019இல் வந்தது. ஒக்கிக்குப் பிறகுதான் அதன் தேவை தில்லிக்கு எட்டியது.

கரையும் மாற முடியாமல் கடலுக்கும் போக முடியாமல் இருப்பவர்களுக்கு ஒரு சேமிப்புத் திட்டம் உண்டு. மீன் கிடைக்கும் மாதங்களில் மீனவர் 1,500 ரூபாய் கட்ட வேண்டும், மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 போட்டு, மீன் இல்லாத மழை மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும். ஒரு குடும்பத்துக்கு இது எத்தனை நாள் வரும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சந்தையும் கைகொடுப்பதில்லை. மீன் குறைந்தால் விலை ஏற வேண்டும் அல்லவா? புரட்டாசியில் ஊரில் பாதிப் பேர் கவிச்சியைத் தொடுவதில்லை. மூச்சுவிடுவதற்குள் கார்த்திகை பிறந்து, ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுகிறார்கள். வரத்துக் குறையும் அதே நேரத்தில் வாங்குபவரும் குறைகிறார்கள். சென்னைக் காசிமேட்டில் மீன்விற்கும் பெண்களிடம் கேட்டால் இந்த இரண்டு மாதங்களைப் பற்றி விரிவாகப் பேசுவார்கள், அதில் அச்சிடக்கூடியது கொஞ்சம்தான்.

இரண்டு கடலும் ஒத்துவராத நாட்களில் மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது. அது உள்ளே. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்காரர்கள் வாடையை எதிர்பார்த்தே இருப்பார்கள். கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும் முகத்துவாரத்தை மழைவெள்ளம் வெட்டித் திறந்துவிடும். கடலில் முட்டையிலிருந்து வெளிவந்த இறால் குஞ்சுகள் அந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்து, சில மாதம் வளர்ந்து, மறுபடியும் அதே வழியாகக் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் அடைபட்டிருந்தால் வரவும் இல்லை, போக்கும் இல்லை. திறந்தால் ஓட்டம் வேகமாக இருக்கும் குறிப்பிட்ட இடங்களில் கழி ஊன்றி வலை கட்டலாம். அந்த இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆசைப்படுபவர்கள் அதிகம். அதனால் முகத்துவாரத்தை ஒட்டிய சில ஊர்க்காரர்கள் ‘பாடு’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கி, இன்று இந்த இடம் இவருக்கு, நாளை வேறு இடம் என்று சுற்றிவர விடுகிறார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பார்த்துச் சமத்துவம் என்று மெச்சுகிறார்கள்.

ஆனால் அந்தச் சீட்டில் யாருடைய பெயர் எழுதப்படும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதே ஏரியின் கரையில் வாழ்ந்தும் பெயர் எழுதப்படாதவர்கள் இருக்கிறார்கள். கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களிடமிருந்து அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம்.

(தொடரும்)