மஞ்சள் பூ மூன்று: ஆவாரையும் அதன் உறவுகளும்

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது எமது முன்னோர் வாக்கு. ஆவரசு என்று நாம் அழைக்கும் இச்செடியின் பூவை அவித்துக் குடிப்பதும், இலையை அரைத்துத் தலையில் தேய்த்து முழுகுவதும் பழைய வழக்கங்கள். சிங்கள மக்கள் இதனை 'ரணவரா' என்பர். உலர்ந்த பூ இன்று கடைகளிலும் பொதியாக விற்கப்படுகின்றது. எனினும், மஞ்சளாய்ப் பூப்பதெல்லாம் ஆவாரையல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதை சிறு பிள்ளைகளின் உயிரைப் பறித்துள்ளது.

இந்தியாவின் மேற்கு உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும்போது சிறு பிள்ளைகள் திடீரென வாந்தியெடுத்து, மயங்கி, சில நாட்களில் இறந்தனர். மூளைக் காய்ச்சல் என்றே பலகாலம் எண்ணப்பட்டது. பிஜ்னோர் நகரக் குழந்தை வைத்தியர் விபின் வசிஷ்டாவும், வேலூரைச் சேர்ந்த வைரசியல் அறிஞர் ரி. ஜேக்கப் ஜோன் முதலியோரும் ஆராய்ந்து, காரணம் கிருமியன்று, பேயாவிரை விதையே என்று 2007இல் வெளியிட்டனர். பசியிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் அதன் காயைப் பிரித்து உண்டிருந்தனர். நோயுற்றவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மாண்டனர். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை.

பேயாவிரைக்குப் பொன்னாவிரை என்றும் பெயருண்டு. ஒரே செடிக்குப் பேயும் பொன்னும் பெயராவதால், பெயரை மட்டும் நம்பிப் பறிப்பது ஆபத்தானது. ஆவாரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. பேயாவிரையோ அமெரிக்காவிலிருந்து வந்து பரவியது. மூன்றாவது உறவு தகரை. இதன் இளங்குருத்தைக் கீரையாகச் சமைப்போர் உளர். மூன்றுக்கும் ஐந்து மஞ்சள் இதழ்களே. ஆதலால் பூவை மட்டும் பார்த்தால் போதாது. இலையையும் காயையும் பாருங்கள்.

ஆவாரை: பல ஆண்டு வாழும் புதர். ஒரு இலையில் எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள். அவற்றின் நுனி மழுங்கியது. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற இரண்டு செதில்கள் நிலைத்து நிற்கும். இதுவே சிறந்த அடையாளம். பூ பெரியது. காய் கடதாசி போல் மெல்லியது, தட்டையானது.

பேயாவிரை: குறுகிய காலமே வாழும் குறுஞ்செடி. நான்கு முதல் ஆறு சோடிச் சிற்றிலைகள்; நுனி கூரியது. கசக்கினால் துர்நாற்றம் வீசும். இலைக்காம்பின் அடியில் கரிய மணி போன்ற ஒரு சுரப்பி இருக்கும். காய் சற்று மேல்நோக்கி வளைந்து, நடுவில் கபிலமாகவும் ஓரங்களில் வெளிறியும் காணப்படும்.

தகரை: பொதுவாக மூன்று சோடிச் சிற்றிலைகளே, நுனி வட்டமானது. இரவில் அவை மடிந்துகொள்ளும். காய் மெல்லியதாய், நீண்டு, அரிவாள் போல் வளைந்திருக்கும்.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு எங்கும் ஆளில்லாக் காணிகள் பற்றையாகிக் கிடக்கின்றன. மழைக்குப் பின் இத்தகைய களைகள் முளைக்கும் இடங்கள் அவைதாம். எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டு வளவிலும் பாலர் பாடசாலைச் சுற்றாடலிலும் பேயாவிரையைக் கண்டால் காய்க்கு முன்னரே வேரோடு பிடுங்குங்கள். அதன் விதை கால்நடைகளின் தசைகளையும் பாதிப்பதால் தீவனத்தில் கலக்கவிடாதீர்கள். காட்டுக் காய் எதையும் வாயில் வைக்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பிள்ளை உண்டதாகச் சந்தேகம் எழுந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராது, அந்தக் காயையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடல் கடந்து போகவேண்டிய எமக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

ஆனால் பயத்தில் ஆவாரையையும் சேர்த்து வெட்டிவிட வேண்டாம். வரட்சியைத் தாங்கி நிற்கும் அது எமது மண்ணின் செல்வம். உத்தரப் பிரதேசத்தில் மக்கள் பேயாவிரையை இனங்கண்டு ஒதுக்கத் தொடங்கிய பின் இந்நோய் வெகுவாகக் குறைந்தது. அங்கே உயிர்களைக் காத்தது விலையுயர்ந்த மருந்தன்று. ஒரு செடியை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் அறிவே.