சிரிக்க ஜோக் வேண்டாம், ஆள் வேண்டும்!

1995-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி. மும்பை அந்தேரியில், லோகண்ட்வாலா பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்தே பேருடன் ஒரு சங்கம் தொடங்கியது. சந்தா கிடையாது. தீர்மானம் கிடையாது. தலைவர், செயலாளர் தேர்தல் தகராறும் கிடையாது. கூடி நின்று வாய்விட்டுச் சிரிப்பது ஒன்றுதான் வேலை!

தொடங்கியவர் டாக்டர் மதன் கட்டாரியா. சுகாதாரப் பத்திரிகை ஒன்றையும் நடத்தி வந்தவர். சிரிப்பின் நன்மைகளைப் பற்றி அதற்கு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார். எழுதுவதைவிடச் செய்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பூங்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

சரக்கு தீர்ந்தது

முதலில் ஆளுக்கொரு ஜோக் சொல்வது, மற்றவர்கள் சிரிப்பது என்றுதான் நடந்தது. கூட்டமும் சேர்ந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக்குகள் தீர்ந்துவிட்டன. மிஞ்சியவை ஆபாச ஜோக்குகளும், பிறர் மனம் நோகும் ஜோக்குகளும்தான். வந்தவர்களில் சிலர் ஆட்சேபித்தார்கள்.

மனம் நோகும் ஜோக் என்றால் என்ன என்று மும்பைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்து புதிதாக வேலையில் சேரும் பையன் நெல்லையோ, சேலமோ, எந்த ஊராக இருந்தாலும் முதல் நாளே 'மதராசி' ஆகிவிடுவான். பஸ் 'ஆத்தி ஹை' என்பதற்குப் பதில் 'ஆத்தா ஹை' என்பான். அவ்வளவுதான், அன்றைய டீ நேரத்துக்கு அது போதும். பத்துப் பேர் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பான். அந்தச் சிரிப்பால் அவனுக்கு உடம்பும் தேறாது, மனமும் தேறாது. மறுநாள் முதல் வாயைத் திறக்கவே யோசிப்பான்.

கட்டாரியா ஜோக்கையே நிறுத்திவிட்டார். காரணம் இல்லாமலே சிரிப்போம் என்றார்! கை தட்டிக்கொண்டு "ஹோ... ஹோ... ஹா... ஹா..." என்று தொடங்கவேண்டும். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கவேண்டும். சிறிது நேரத்தில் பொய்ச் சிரிப்பு மெய்ச் சிரிப்பு ஆகிவிடும். அவருடைய மனைவி மாதுரி யோகா அறிந்தவர். மூச்சுப் பயிற்சியும் இதோடு சேர்ந்தது. நம் கிராமங்களில் இப்படிச் சிரித்தால் வேப்பிலை அடிக்கத்தான் அழைத்துப் போவார்கள். ஆனால் இந்த முறை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது. உலகச் சிரிப்பு தினம் முதன்முதலில் கொண்டாடப்பட்டதும் மும்பையில்தான், 1998-ம் ஆண்டில். இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே மாத முதல் ஞாயிறு அன்று கொண்டாடுகிறார்கள்.

30 மடங்கு

ஜோக் இல்லாமல் சிரிப்பு வருமா? அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் புரோவைன் கடைவீதிகளிலும் பொது இடங்களிலும் மக்கள் சிரிப்பதைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். மொத்தம் 1,200 சிரிப்புகள். அவற்றில் ஜோக் என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பிறகு வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! "வருகிறேன்", "எங்கே போயிருந்தாய்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்குத்தான் பெரும்பாலான சிரிப்பு. டி.வி., புத்தகம் போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், மனிதன் தனிமையில் சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறான் என்பதும் அவர் கண்டது.

பின்லாந்து நாட்டில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2017-ல் வெளிவந்தது. 12 ஆண்களை அவரவர் நண்பர்களோடு உட்காரவைத்து, நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டினார்கள். பிறகு மூளையைப் படம் பிடித்தார்கள். வலியை மட்டுப்படுத்தி, மனதுக்கு இதம் தரும் எண்டார்பின் போன்ற பொருட்கள் சுரந்திருப்பது தெரிந்தது. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் சேர்ந்து சிரிப்பவர்களுக்கு ஏன் ஒட்டுதல் வளர்கிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரைப் பற்றியும் பலர் சொல்வார்கள். 1964-ல் கடும் நோயில் படுத்த அவர், சிரிப்புப் படங்கள் பார்த்தே தேறினாராம். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் வைட்டமின் 'சி'யும் ஏராளமாக எடுத்துக்கொண்டவர். ஒருவர் பிழைத்த கதையை வைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அறைக்குள் எட்டுப் பேர்

பிழைக்க வந்த ஊரில் கஷ்டம் வேலையில் மட்டும் இல்லை. வேலை முடிந்த பிறகும் இருக்கிறது. முன்பெல்லாம் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்தால் டி.வி. ஒன்றுதான் இருக்கும். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை ஐம்பதாவது தடவை போட்டாலும் எட்டுப் பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். இப்போது எட்டுப் பேர் கையிலும் எட்டு செல்போன். காதில் ஒயர். ஒருவன் சிரித்தால் அடுத்தவனுக்கு எதற்கென்று தெரியாது. அதே அறைதான், அதே ஆட்கள்தான். ஆனால் ஒவ்வொருவனும் தனி ஆள்!

லோக்கல் ரெயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறும் கோஷ்டிகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பஜனை பாடுவார்கள், சீட்டு ஆடுவார்கள், ஒருவரை ஒருவர் வாருவார்கள். இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போனாலும் சிரிப்புக்குக் குறைவில்லை. அந்தக் கோஷ்டியில் ஓர் ஆள் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் விசாரிப்பார்கள். இது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. கோஷ்டியில் சேர ஒரு மாதம் "என்ன, சவுக்கியமா?" என்று கேட்டு வந்தால் போதும். பூங்காச் சிரிப்புச் சங்கங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. "ஹோ... ஹோ..." என்பதற்கு ஆண்பால், பெண்பால் கிடையாது!

குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், இருதய நோயாளிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் பலமாகச் சிரிக்கும் பயிற்சியில் இறங்கக் கூடாது.

இன்னொன்று. சிலருக்கு எதைக் கேட்டாலும் சிரிப்பே வராது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, சோற்றில் நாட்டம் இல்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். "சிரிடா, சரியாகிவிடும்" என்று அவரிடம் சொல்வது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வது போல. அவருக்கு வேண்டியது வைத்தியம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்த நேரமும் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.